கடலோடு முடிந்துபோகும் சாலை

நேயர்களுக்கு வணக்கம். சைக்கிள் பயணம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தபோது, ஒரே ஒரு சாலையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மத்தியதரைக் கடலில், ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மயோர்க்கா என்ற தீவில் இருக்கிறது அந்தச் சாலை. மலைக் கணவாயிலிருந்து கடற்கரைக்கு இறங்கி அங்கேயே முடிந்துவிடும். அதற்குமேல் போக வழி கிடையாது. இறங்கிய வழியிலேயே ஏறித் திரும்ப வேண்டும். ஒவ்வொரு வசந்த காலத்திலும் அதில் சைக்கிள் மிதிப்பதற்கென்றே ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மூன்று ஏப்ரல் மாதங்களில் நானும் போயிருக்கிறேன்.

சாலையின் பெயர் சா கலோப்ரா. கீழே உள்ள சின்னஞ்சிறு துறையின் பெயர்தான் சாலைக்கும் வந்துவிட்டது. 682 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாயிலிருந்து கடல்மட்டம் வரை ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீட்டர். அதற்குள் 26 கொண்டை ஊசி வளைவுகள். 1932-இல் அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர் இதைப் போட்டார். ஊருக்கோ சந்தைக்கோ போவதற்காகப் போட்ட சாலை அல்ல இது. மலையையும் கடலையும் பார்க்க வருகிறவர்களுக்காகவே போட்டது. மலையைக் குடைந்து சுரங்கம் அமைக்கக் கூடாது என்பதில் பரியெத்தி உறுதியாக இருந்தார். ஓரிடத்தில் வெட்டியெடுத்த கல்லையும் மண்ணையும் இன்னோர் இடத்தில் கொட்டி மேடாக்கி, மலையின் சரிவு எப்படி வளைகிறதோ அப்படியே சாலையையும் வளைத்துக்கொண்டு போனார். 31,000 கன மீட்டருக்கும் அதிகமான கல்லைக் கையாலேயே பெயர்த்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

சாலையின் மேல்பகுதியில் ஓரிடம் வரும். சாலை ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, தன் மேல் தானே பாலமாகப் போய், அந்தப் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து வெளியே வரும். சரிவு செங்குத்தாக இருக்கும் அந்த இடத்தில் உயரத்தைக் குறைக்க அவர் கண்ட வழி அது. உள்ளூர்க்காரர்கள் அதைக் கழுத்துப்பட்டை முடிச்சு என்கிறார்கள். பரியெத்தி ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டும்போது இந்த யோசனை வந்தது என்று ஒரு கதையும் உண்டு. எனக்கு அந்தக் கதை பிடிக்கும். மேலே நின்று அந்த வளைவைப் பார்த்தால் டையின் முடிச்சு மாதிரியேதான் இருக்கிறது.

இறங்குவது சுகம்தான். ஆனால் முழுதாக அனுபவிக்க முடியாது, ஏனென்றால் இறங்குகிற ஒவ்வொரு மீட்டரையும் திரும்ப ஏற வேண்டும் என்பது மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே துறையில் ஒரு காப்பி குடித்துவிட்டு, பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, வண்டியைத் திருப்புகிறோம். சராசரிச் சரிவு 7 சதவீதம். நூறு மீட்டர் முன்னால் போவதற்குள் ஏழு மீட்டர் மேலே ஏறியிருக்க வேண்டும். இருப்பதிலேயே லேசான கியரில், பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்திலும் 34 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரமும் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். வண்டி இரண்டு மீட்டரும் கொஞ்சமும் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்கூட வராது. பந்தய வீரர்கள் அரை மணிக்குள் ஏறிவிடுகிறார்கள். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குப் படுவதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

காரில் போனால் ஜன்னலுக்கு வெளியே சாலையோரச் சுவர் ஒரு சாம்பல் நிறக் கோடாக ஓடிவிடும். ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது ஒவ்வொரு கல்லாகத் தெரியும். சாலையைத் தாங்கி நிற்கும் பல சுவர்களில் சுண்ணாம்போ சிமென்டோ கிடையாது. கல்லின் மேல் கல். பெரிய கல் இரண்டு சேரும் இடத்தில் விரல் பருமனுள்ள சில்லு ஒன்றைச் செருகியிருப்பார்கள். இடுக்கில் சின்னப் பெரணிச் செடி முளைத்திருக்கும், ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்தால் தண்ணீர் அந்த இடுக்குகள் வழியாகக் கசிந்து வெளியே போய்விடும். பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளாது. பூச்சு இல்லாததே அந்தச் சுவருக்கு ஆயுள்.

இந்தக் கைவேலை சாலையோடு நிற்கவில்லை. தீவின் வடமேற்கு ஓரம் முழுக்க த்ரமுந்தானா என்ற மலைத்தொடர் நீள்கிறது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அதன் சரிவுகளில் படிப்படியாகக் கல்வரப்பு கட்டி, மண்ணைப் பிடித்து நிறுத்தி, ஒலிவ மரம் வளர்த்திருக்கிறார்கள். எத்தனையோ தலைமுறைகளின் உழைப்பு அது. 2011-இல் யுனெஸ்கோ இந்த மலைத்தொடரை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது வெறும் இயற்கை அழகுக்காக அறிவிக்கவில்லை. மனிதரும் மலையும் சேர்ந்து உண்டாக்கிய நிலம் என்றுதான் பட்டியலில் சேர்த்தது. 2018-இல், பூச்சில்லாமல் கல் அடுக்கும் கலையையும், ஸ்பெயின் உட்படப் பல நாடுகளுக்கும் பொதுவான பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. இந்த வேலை செய்கிறவர்களுக்கு அங்கே மார்ஜெர் என்று பெயர். இரண்டாவது முறை போனபோது, சரிந்து கிடந்த ஒரு வரப்பைப் பெரியவர் ஒருவர் திரும்பக் கட்டுவதைப் பார்த்தேன். ஒரு கல்லைக் கையில் எடுப்பார், திருப்புவார், சுத்தியலால் ஒரு மூலையை ஒரே ஒரு தட்டு. வைத்துப் பார்ப்பார். உட்காராவிட்டால் கீழே வைத்துவிட்டு அடுத்த கல்லை எடுப்பார். கால் மணி நேரம் நின்றிருப்பேன். அதற்குள் நாலு கல்தான் வைத்தார். அந்த நாலும் அசையவில்லை.

சரி, ஏன் வசந்த காலம்? ஜூலையில் பகல் வெயில் 30 டிகிரியைத் தாண்டும். சாலை முழுக்கச் சுற்றுலாப் பேருந்துகளும் வாடகைக் கார்களும். ஏப்ரலில் மத்தியானம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பாதாம் பூ பிப்ரவரியோடு முடிந்திருக்கும், ஆனால் நடுத்தீவின் சமவெளியில் கோதுமை பச்சையாக நிற்கும், அதற்குள் சிவப்பாகப் பாப்பிப் பூக்கள். அப்போதும் சா கலோப்ராவுக்குப் பத்து மணிக்கு மேல் பேருந்துகள் வரத் தொடங்கிவிடும். குறுகலான வளைவில் எதிரே பேருந்து வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். அந்நேரத்தில் கேட்பது ஆட்டு மணிச் சத்தமும் நம் சங்கிலிச் சத்தமும்தான்.

வசந்த காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. முதல் வருடம் அதைத் தெரிந்துகொண்டேன். தீவின் உயரமான சிகரம் புட்ச் மஜோர், 1,400 மீட்டருக்கு மேல். உச்சியில் ராணுவ ரேடார் இருப்பதால் அங்கே போக அனுமதியில்லை. அதன் இடுப்பைச் சுற்றிப் போகும் சாலையில் கூபெர் நீர்த்தேக்கத்தைத் தாண்டினால் ஒரு சுரங்கம் வரும். இது பிற்காலத்தில் போட்ட வேறு சாலை. சுரங்கத்துக்கு அப்பால் சோயேர் பள்ளத்தாக்கு வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஒரே இறக்கம். நீர்த்தேக்கத்தில் நல்ல வெயில். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது. காற்றுத் தடுப்பு மேல்சட்டையை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் மேகம் மூடிக் கிடக்கிறது. இரண்டு கிலோமீட்டர் இறங்குவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. பிரேக்கைப் பிடிக்கிறேன், பிடித்திருக்கிறேனா என்பதே கையில் தெரியவில்லை. உண்மையிலேயே பயந்துபோனேன். ஒரு வளைவில் எப்படியோ நிறுத்தி, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, உணர்ச்சி திரும்பும்வரை நின்றேன். ஏப்ரல் மாதம், மத்தியதரைக் கடல், எதற்கு மேல்சட்டை என்று நினைக்காதீர்கள். மடித்தால் கைக்குட்டை அளவுதான் வரும், முதுகுப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஆனால் அந்த இறக்கத்தின் கடைசி மூன்று கிலோமீட்டரை நான் மறக்கவே மாட்டேன். கீழே இறங்க இறங்கக் காற்று வெதுவெதுப்பானது. அப்புறம் ஒரு வாசனை. ஆரஞ்சுப் பூ. சோயேர் பள்ளத்தாக்கு முழுக்க ஆரஞ்சுத் தோட்டம், ஏப்ரலில் பூக்கும். மலை மறித்து நின்றதால் இந்த ஊருக்கு ஒரு காலத்தில் தலைநகர் பால்மாவைவிடக் கடல்வழியே பிரான்ஸ் நெருக்கம். ஆரஞ்சுகளைக் கப்பலில் அங்கே அனுப்பினார்கள். 1912-இல்தான் மலையைக் குடைந்து பால்மாவுக்கு ரயில் விட்டார்கள். இன்றைக்கும் ஓடுகிறது. அடுத்த வருடம் ஊரிலிருந்து துறைமுகத்துக்கு டிராமும் வந்தது. டிராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். சாய்வாகக் கடந்தால் மெல்லிய டயர் பள்ளத்தில் இறங்கிவிடும், குறுக்காக நேரே கடக்க வேண்டும். சதுக்கத்தில் உட்கார்ந்து, கண்ணெதிரே பிழிந்த ஆரஞ்சுச் சாற்றை இரண்டு தம்ளர் குடித்தேன். கை அப்போதும் லேசாக நடுங்கியது.

மலை வேண்டாம் என்கிறவர்களுக்குச் சமவெளி இருக்கிறது. இரண்டு பக்கமும் கல்சுவர், நடுவே ஒரு கார் மட்டும் போகும் அகலத்தில் சந்துச் சாலைகள். சினேவு, பெத்ரா என்று சின்ன ஊர்கள். ஊருக்கு ஊர் தேவாலயச் சதுக்கம், அங்கே ஒரு காப்பிக்கடை, வாசலில் சாத்தி வைத்த சைக்கிள்கள். சைக்கிள் என்பது வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஃபெலானிச் என்ற ஊரில் பிறந்த கியெம் திமோனேர், மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டும் பந்தயத்தில் 1955-இலிருந்து 1965-க்குள் ஆறு முறை உலக வெற்றிவீரர். 97 வயது வரை வாழ்ந்து 2023-இல் காலமானார்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று சொல்கிறேன். உப்பில்லாத பழுப்பு ரொட்டியில் தக்காளியை வெட்டித் தேய்த்து, மேலே ஒலிவ எண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். கொத்தாகக் கோத்து உத்தரத்தில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கும் தக்காளி அது. நூறு கிலோமீட்டர் மிதித்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சைவர்கள் கவனிக்க வேண்டியது என்சைமாதா என்ற சுருள் ரொட்டி. பார்த்தால் வெறும் இனிப்புப் பன் மாதிரி இருக்கும், ஆனால் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயின் சட்டப்படி சைக்கிளை முந்தும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். கார் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் பொறுமையாகப் பின்னால் வருகிறார்கள். அந்தப் பொறுமையை நாம் தின்றுவிடக் கூடாது. இருபது பேர் கூட்டமாகச் சாலையை அடைத்துக்கொண்டு போகிறார்கள், பின்னால் வேலைக்குப் போகிற ஒருவர் பத்து நிமிடமாகக் காத்திருக்கிறார். 2024-இல் பால்மாவில் மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து, சுற்றுலாக் கூட்டத்தில் எங்களால் வாழ முடியவில்லை, வீட்டு வாடகை கொடுக்க முடியவில்லை என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆறு பேருக்கு மேல் சேர்ந்து போவதில்லை என்று நானும் நண்பர்களும் வைத்துக்கொண்டோம். வளைவுகளில் ஒற்றை வரிசை.

போன முறை சா கலோப்ராவில் ஏறி முடித்து, கணவாயில் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சுக்கு அடியிலிருந்து ஒரு பெண்மணி வெளியே வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவசரமே இல்லாமல் மிதித்து வந்தவர் ஒரு வளைவில் நின்றார். கையுறையைக் கழற்றி, சுவரின் கல் ஒன்றின் மேல் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். காலை வெயிலில் அந்தக் கல் சூடேறியிருக்கும். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த வளைவுக்கு மிதிக்கத் தொடங்கினார்.

வணக்கம்.