"வீட்டுக்குப் போகணும்"

பெரியவர்களுக்கும் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. மறதி நோய் வந்த மாமியாரை ஆறு வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்த மருமகள். அந்த ஒரு தகுதியோடுதான் இந்த மேடையில் நிற்கிறேன்.

தினமும் சாயங்காலம் ஐந்தரை ஆனால் அத்தை மஞ்சள் பையில் இரண்டு புடவையை மடித்து வைத்துக்கொண்டு வாசல் கேட்டைப் பிடித்தபடி நிற்பார். "வீட்டுக்குப் போகணும், விளக்கேத்தணும்" என்பார். "இதுதான் அத்தை உங்க வீடு, நாப்பது வருஷமா இங்கதானே இருக்கீங்க" என்பேன். அவர் அழுவார். நான் குரலை உயர்த்துவேன். ஒரு நாள் கேட்டைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டேன். அன்றைக்கு அவர் கம்பியைப் பிடித்து உலுக்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பொழுது சாயும்போது தவிப்பு கூடுவது இந்த நோய் வந்த பலருக்கும் உண்டு என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு, மறதி நோய் வந்தவர்களின் வீட்டுக்கு வந்து பேச்சுத்துணையாக இருக்கும் ஒரு தன்னார்வலர் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. நேரே கேட்டருகே போய், "உங்க வீட்டுல கிணறு இருக்கா பெரியம்மா?" என்று கேட்டார். அத்தை திரும்பிப் பார்த்தார். "இருக்கே, கொல்லையில. ராட்டினம் கிரீச்சுன்னு கத்தும்." பை கீழே இறங்கியது. திண்ணை, வைக்கோல்போர், சிவப்புப் பசு என்று பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. அந்த நேரத்தில் நான் உள்ளே போய் நிதானமாகத் தலைக்குக் குளித்தேன். அப்படிக் குளித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது என்பது வீட்டில் நோயாளியைப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அத்தை தேடியது பிறந்த வீட்டை. மறதி நோயில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர். அதில் தொடக்கத்திலேயே சேதமாகும் இடங்களில் ஒன்று ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி. புது விஷயங்களைப் பதிய வைப்பது அதுதான். அதனால் காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில் நிற்காது. சின்ன வயதில் தண்ணீர் இறைத்த கிணறு நெடுநாள் நிற்கும்.

"வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று நாங்களும் இரண்டு வருஷம் சும்மா இருந்தோம். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு, சோதித்தால்தானே தெரியும்! 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று கணக்கிட்டது. பதின்மூன்று பதினான்கு பெரியவர்களில் ஒருவர். உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

இவர்களுக்கென்று நம் நாட்டில் ஒரு சங்கம், கேரளத்தில் 1992இல் தொடங்கியது. தொடங்கியவர் ஜேக்கப் ராய் என்ற குழந்தை மருத்துவர். குழந்தைகளைப் பார்க்கிற ஒருவர் முதியவர்களுக்காக இறங்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

அத்தை போனபின் நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம். மருந்து நாங்கள் கொடுப்பதில்லை. பணத்தைத் தொடுவதில்லை. முன்பக்கமாக வந்து பெயர் சொல்லி உட்கார வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. அவர் சொல்வதைத் திருத்தக் கூடாது. இறந்துபோன கணவரைத் தேடினால், "அவர் எப்படி இருப்பார், சொல்லுங்களேன்" என்று கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் தூங்கட்டும், கோயிலுக்குப் போகட்டும், சும்மா கிடக்கட்டும்.

எங்களோடு தன்னார்வலராகச் சேர விரும்புகிறவர்களுக்காக வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், போன் நம்பரோடு நீங்கள் வளர்ந்த ஊரையும் தெரிந்த தொழிலையும் எழுதுங்கள். நான் பார்க்கப் போகும் பெரியவர் ஒருவர் முப்பது வருஷம் தறி நெய்தவர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் அவர் கை, குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைத் தறியில் எறிகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கும். போன வாரம் "பாவு போட்டாச்சா?" என்று, தறியில் நெடுக்காகக் கட்டும் நூலைப் பற்றிக் கேட்டார். போட்டாச்சு என்றேன். எத்தனை முழம் என்று கேட்டார். எனக்குத் தறி தெரியாது, விழித்தேன். அவர் முகம் வாடிப்போனது. இந்த அவையில் தறியில் உட்கார்ந்தவர் யாராவது இருந்தால், வியாழக்கிழமை நான்கு மணிக்கு என்னோடு வாருங்கள்.