இரண்டரை வயதில் இடமாற்றம்: அவசரமே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருப்பூரில் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"இரண்டரை வயதுக் குழந்தையைக் காப்பகத்திலிருந்து மழலையர் பள்ளிக்கு மாற்றுவது அவசியமா, அவசரமா?" என்பது தலைப்பு. அவசரமே என்பது எங்கள் அணி. மழலையர் பள்ளியே வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எதிரணித் தலைவர் அப்படி ஒரு வாதத்தை எங்கள் மேல் ஏற்றிவிட்டு, அதற்குப் பதில் சொல்லியே தம் நேரத்தில் பாதியைச் செலவழித்தார். மூன்று நிறைந்து, கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்கும் அளவுக்குப் பேச்சு வந்து, கழிப்பறைப் பழக்கம் படிந்த பிறகு போகட்டும் என்பதே எங்கள் வழக்கு.

தேசியக் கல்விக் கொள்கையே சொல்லிவிட்டது என்று அவர் 2020-ஆம் ஆண்டுக் கொள்கையை எடுத்துக் காட்டினார். நல்லது. அந்தக் கொள்கை அடித்தள நிலையை மூன்று வயதில்தான் தொடங்குகிறது. அந்த வயதுக் குழந்தைக்கு அது காட்டும் இடங்களில் அங்கன்வாடியும் ஒன்று. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியின் 25 விழுக்காட்டு இடங்களுக்கு எல்கேஜி விண்ணப்பம் போட்டவர்களுக்குத் தெரியும், ஜூலை 31-இல் குழந்தைக்கு மூன்று நிறைந்திருக்க வேண்டும். ஆக, எல்கேஜிக்கும் முன்னால், இரண்டரை வயதில் சேர்க்கும் ப்ரீ-கேஜி என்பது சட்டம் கேட்ட வகுப்பன்று. வரிசையில் முந்தி நிற்க நினைக்கும் நம் ஆசை கேட்ட வகுப்பு.

அடுத்துப் பேசிய அம்மையார், நாற்றங்காலில் அதிக நாள் விட்டால் நாற்று முற்றிப்போகும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். உண்மைதான். ஆனால் கோபிச்செட்டிபாளையத்தில் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயல்காரர்களைக் கேளுங்கள்: தண்ணீர் கட்டி, உழுது சேறாக்கி, பரம்படித்த பிறகுதான் நாற்றைப் பறிப்பார்கள். வயதாகிவிட்டது என்பதற்காகக் காய்ந்த வயலில் கொண்டுபோய் நடுவாரில்லை.

அதனால், குழந்தை போய்ச் சேரும் வகுப்பறையைக் காலை பத்தரை மணிக்குப் பாருங்கள். இருபத்தைந்து குழந்தைகள், ஓர் ஆசிரியை, ஓர் ஆயா; சிற்றுண்டி நேரம். இரண்டரை வயதுக் கைக்கு டிபன் டப்பாவின் கிளிப்பை நெம்பத் தெரியாது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூடியை இழுக்கும், வராது, ஆயா இருக்கும் பக்கம் பார்க்கும். அவர் அந்நேரம் வேறொரு குழந்தைக்குக் கால்சட்டை மாற்றிக்கொண்டிருப்பார். அதற்குள் மணி அடித்துவிடும். மாலையில் தாய் டப்பாவைத் திறந்தால் ஆப்பிள் துண்டுகள் கறுத்துக் கிடக்கும். "குழந்தை ஒன்றும் சாப்பிடவில்லை" என்று டைரியில் ஒரு வரி இருக்கும். மூன்றேகால் வயதில் அதே கை அந்தக் கிளிப்பைத் திறந்துவிடும். இல்லையென்றால் "மிஸ், தொறந்து குடுங்க" என்று வாயாவது கேட்கும். இடைப்பட்ட அந்தச் சில மாதங்களுக்காகத்தான் இங்கே வாதாடுகிறோம்.

இனி, எதிரணி தொடாமலே தாண்டிப்போன கடிகாரத்துக்கு வருகிறேன். பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒரு ஷிப்ட் முடிய மாலை ஐந்தரை ஆகும்; ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை. ப்ரீ-கேஜியோ பன்னிரண்டரைக்கு விட்டுவிடும். செக்கிங்கில் நின்றுகொண்டிருக்கும் தாய் அந்நேரம் பள்ளி வாசலுக்கு வர முடியுமா? ஆகவே காலையில் அப்பாவின் வண்டி, பிறகு வகுப்பு, பிறகு வேன், காப்பகத்தில் இடத்தை விட்டுவிட்டதால் புதிதாக ஏற்பாடு செய்த பக்கத்து வீடு, இரவில் அம்மா. தலைப்பு ஒரே ஒரு மாற்றத்தைப் பேசுகிறது; குழந்தையோ தினம் நான்கைந்து கை மாறுகிறது. அப்புச்சியும் அம்மிச்சியும், அதாவது அம்மாவைப் பெற்றவர்கள், பக்கத்தில் அவிநாசியிலோ காங்கேயத்திலோ இருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்கள் வந்திருந்து, மதியம் தூக்கிப்போய்ச் சோறூட்டித் தூங்க வைத்துவிடுவார்கள். தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அப்படி ஓர் ஆள் இல்லை. இரண்டரை வயதுக்கு மதியத் தூக்கம் இன்னும் வேண்டும். வேனில் தலை சாய்ந்து தூங்கியதை எழுப்பி இறக்கினால் அழாமல் என்ன செய்யும்? அந்த அழுகைக்கு "பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை" என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம்.

காப்பகத்தில் தூங்க வைப்பதைத் தவிர என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்கள். சில இடங்களில் அது உண்மை. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் பொம்மைகளை வெளியே எடுக்கும் அறைகள் உண்டு. ஆனால் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயது நிறையாத குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றதோடு நில்லாமல், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்றும் எழுதியது. காப்பகம் சரியில்லை என்றால் அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கன்வாடியிலோ, 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே முன்பருவக் கல்வியும் சேர்ந்து வந்தது. பாட்டும் கதையும் முடிந்தால் சோறும் முட்டையும் உண்டு. (முட்டை நாமக்கல் முட்டை என்பதால் அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.) 2019-இல் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. அங்கே குழந்தை பழகிய வாசலை விட்டு நகராமலே வகுப்புக்குள் போகிறது.

இப்போது சேர்க்காவிட்டால் எல்கேஜிக்கு இடம் கிடைக்காது என்பது பயம். கல்விக் காரணம் அன்று. பயத்தை வளர்த்தவர்களே அதற்கு ரசீதும் போடுகிறார்கள்.

மூன்று நிறைந்த பிறகு மாற்றும் முறையையும் சொல்லி அமர்கிறேன். முதல் வாரம் ஒரு மணி நேரம், தாயோ தந்தையோ வகுப்பு வாசலில் இருக்க. அடுத்த வாரம் சிற்றுண்டி வரை. பிறகு முழு நேரம். மதியம் திரும்பிவரப் பழைய காப்பகமும் பழகிய ஆயாவும் தீபாவளி வரையாவது இருக்கட்டும். "இவன் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான், ஒன்றுக்கு வந்தால் சொல்ல மாட்டான், மூலையில் போய் நிற்பான்" என்பதை அந்த ஆயாவே ஆசிரியையிடம் நேரில் சொல்லட்டும். அந்த முதல் வாரத்துக்குத் தாய்க்கு அரை நாள் விடுப்புத் தரக் கம்பெனிகளும், வகுப்பு வாசலில் ஒரு பெஞ்சு போடப் பள்ளிகளும் முன்வருமா என்பதை எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.