மயில்துத்தம்: பழகிப்போன நீலக்கல்

நேயர்களுக்கு வணக்கம்.

விஷ உப்புகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது ஆர்சனிக், பாதரசம் என்று நான் தொடங்குவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது மயில்துத்தம். காப்பர் சல்பேட். சித்த வைத்தியத்தில் துருசு என்பார்கள், சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்க மாட்டார்கள். உரக்கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. பார்க்க அழகாக வேறு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் கற்கண்டு என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதன் ருசி எனக்குத் தெரியும். நான் கல்லூரியில் படித்த நாளில், கரைசலை அளந்தெடுக்கும் கண்ணாடிக்குழாயான பிப்பெட்டை வாயால்தான் உறிஞ்சுவோம். தாமிரத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையில் ஒரு நாள் கவனம் பிசகி, கரைசல் நாக்கில் பட்டுவிட்டது. விழுங்கவில்லை, உடனே துப்பி வாய் கொப்பளித்தேன். அப்படியும் சாயங்காலம் குடித்த காபி வரைக்கும் பழைய செப்புக்காசைச் சப்பியது போலவே இருந்தது. பின்னாளில் நான் வாத்தியாரானதும் முதல் வேலையாக எல்லா பிப்பெட்டுக்கும் ரப்பர் பல்ப் வாங்கிப் போட்டேன்.

சரி, வயலுக்கு வருவோம். திராட்சைக்கும் காபிக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் அடிக்கும் பூஞ்சை மருந்தான போர்டோ கலவை தெரியாத விவசாயி இருக்க மாட்டார். அதன் கதை பிரான்சில் தொடங்குகிறது. போர்டோவுக்குப் பக்கத்தில் மெடோக் பகுதியில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து வைப்பார்களாம். ஊரெல்லாம் அடிச்சாம்பல் நோயில் இலை உதிர்ந்து கிடக்க, அந்த ஓரத்துக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் 1882இல் கவனித்தார். 1885இல் கலவையின் விவரத்தை வெளியிட்டார். திருடனை விரட்ட வைத்தது பூஞ்சையையும் விரட்டியது.

ஒரு சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். தண்ணீரைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு அண்டா கூடாது, பிளாஸ்டிக் பீப்பாய் போதும். கலந்தபின் துருவேறாத ஒரு இரும்புக் கத்தியைச் சில நிமிடம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்திருந்தால் துத்தம் இன்னும் தனியாக நிற்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே அடித்தால் இலை கருகும். கத்தி பளிச்சென்று வரும்வரை சுண்ணாம்புப் பால் சேருங்கள்.

பலர் தவறு செய்யும் இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. சீக்கிரம் கரையட்டும் என்று கட்டியை உரலில் போட்டு இடிப்பார்கள். அந்தத் தூசு கண்ணில் விழுந்தால் விழியையே புண்ணாக்கிவிடும். இடிக்கவே வேண்டாம். ஒரு கோணித்துணியில் மூட்டையாகக் கட்டி, முதல் நாள் ராத்திரி தண்ணீரின் மேல்மட்டத்தில் முங்கும்படி தொங்கவிடுங்கள், விடிவதற்குள் தானே கரைந்திருக்கும். கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. தெளிக்கும்போது முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள், துண்டு நுண்துளியைத் தடுக்காது, அதற்கென்று உள்ள முகக்கவசம் வேண்டும். போர்ச்சுகலில் வருடக்கணக்காகத் திராட்சைக்கு இந்தக் கலவையை அடித்த தொழிலாளிகளின் நுரையீரலில் நீலப்பச்சைத் திட்டுகள் இருந்ததை அந்நாட்டு மருத்துவர்கள் 1969இல் எழுதினார்கள். திராட்சைத் தோட்டத் தெளிப்பாளர் நுரையீரல் என்று அந்த நோய்க்கே பெயர் வைத்தாயிற்று.

இயற்கை விவசாயத்திலும் வரம்போடு இதற்கு அனுமதி உண்டு. அதனால் சாதுவான பொருள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செம்பு மட்காது, அடித்ததெல்லாம் மண்ணில் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு ஹெக்டேருக்கு 7 வருடத்தில் மொத்தம் 28 கிலோ செம்புக்கு மேல் போடக்கூடாது. மிச்சக் கலவையைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டினால் மீன் செத்து மிதக்கும். மருந்தடித்த கொடிக்குக் கீழே உள்ள புல்லில் செம்மறி ஆட்டை மேயவிடாதீர்கள். செம்மறிக்குச் செம்பு ஆகவே ஆகாது. ஈரலில் சேர்ந்துகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது, திடீரென்று ஒரு நாள் சிவப்பாக மூத்திரம் போய்ச் சாய்ந்துவிடும்.

என் உறவுக்காரர் ஒருவர் மிஞ்சிய துத்தக் கரைசலைக் காலியான கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி மோட்டார் அறையில் வைத்திருந்தார். ஐந்து வயதுப் பேரன் ஒரு வாய் குடித்துவிட்டான். நீலப்பச்சையாக வாந்தி. பாட்டி பதறிப்போய் உப்புத் தண்ணீர் கலக்க ஓடினார், இன்னும் வாந்தி எடுக்கட்டும் என்று. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தடுத்தாள். அவள் செய்ததுதான் சரி. உள்ளே போகும்போது புண்ணாக்கியது திரும்ப வரும்போதும் தொண்டையைப் புண்ணாக்கும். உப்புத் தண்ணீர் குழந்தைக்குத் தனியாக ஓர் ஆபத்து. வேடிக்கை என்னவென்றால், விஷம் குடித்தவரை வாந்தியெடுக்க வைக்க டாக்டர்களே ஒரு காலத்தில் இந்த உப்பைத்தான் கொடுத்தார்கள். மருந்தே விஷமாகிறது என்று தெரிந்தபின் விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பையன் மறுநாள் எழுந்து விளையாடினான். எல்லாரும் நிம்மதியானார்கள். அதற்கடுத்த நாள் கண் மஞ்சளாயிற்று, சிறுநீர் கறுத்தது. செம்பு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், உடைந்தது சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதற்கு ஓரிரு நாள் பிடிக்கும். ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்ததால் பிழைத்தான். வாந்தி நின்றுவிட்டது என்று யாராவது வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

ஆகவே யாராவது விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். நினைவோடு இருந்தால் வாயை மட்டும் கொப்பளிக்க வையுங்கள், 108க்குச் சொல்லுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். அப்புறம், வாங்கிய பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். நீலமாக ஏதோ குடித்தான் என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது.

நன்றி, வணக்கம்.