கேட்ட தாயும் கண்ட தாயும்

அனைவருக்கும் வணக்கம். தமிழாசிரியர்கள் கூடியிருக்கும் அவை இது. அதனால் நேராக வகுப்பறைக்கே போய்விடுகிறேன்.

இரண்டு பாடல்களைக் கொடுத்து 'ஒப்பிடுக' என்றால் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள்? 'இரண்டுமே தாய்மையைப் போற்றுகின்றன.' அத்தோடு முடிந்தது. தப்பு அவர்கள் மேல் இல்லை. தாய்மை என்பது தலைப்புதான். அதைப் பற்றி இந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று கேட்க நாம் பழக்கவில்லை.

நான் எப்போதும் எடுத்துக்கொள்வது 69ஆம் குறளையும் புறநானூற்றின் 278ஆம் பாடலையும்தான். 'ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்' என்று தொடங்குகிறார் வள்ளுவர். 'ஈன்ற ஞான்றினும் பெரிதுவந் தனளே' என்று முடிக்கிறார் காக்கைபாடினியார் நச்செள்ளையார். கிட்டத்தட்ட ஒரே சொற்கள்; பெற்றெடுத்த நாளைவிடப் பெரிய மகிழ்ச்சி என்பதுதான் இரண்டிலும். பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, இந்த இரண்டு தாய்க்கும் சேதி எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேளுங்கள்.

குறளின் தாய், மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கிறாள், மகிழ்கிறாள். புறநானூற்றுக் கிழவியும் முதலில் கேட்கத்தான் செய்கிறாள். நரம்பு புடைத்து வற்றிய தோள் அவளுக்கு. உன் மகன் புறமுதுகு காட்டினான் என்று பலர் சொல்கிறார்கள். அது உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் 'காணூஉ', அதாவது தன் கண்ணால் கண்ட பிறகே, உவக்கிறாள்.

அப்புறம் இந்தக் குறளுக்குப் பழைய உரையாசிரியர் பரிமேலழகர் எழுதிய உரையைக் காட்டுங்கள். பெண்ணியல்பால் தானாக அறியாள், அதனால்தான் 'கேட்ட தாய்' என்றார் என்று எழுதுகிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகளிடம் அதை மறைப்பதும் இல்லை. ஊர் சொன்னதை நம்பாமல் களத்துக்கே போய் அறிந்துகொண்ட ஒருத்தியை, ஒரு பெண்பாற்புலவர் பாடி வைத்திருக்கிறாரே!

ஒருமுறை ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மகன் வென்று உயிரோடு திரும்பியிருந்தால் அவள் இதைவிட மகிழ்ந்திருக்க மாட்டாளா, ஐயா?" நான் பதில் சொல்லவில்லை. அடுத்த பாடலை, ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஐ, வாசிக்கச் சொன்னேன். கணவனை நேற்றுப் போரில் இழந்தவள், இன்று தன் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். அதில் 'உவந்தாள்' என்ற சொல்லே இல்லை. போர்ப்பறை கேட்டு 'விருப்புற்று மயங்கி' என்கிறார் புலவர். அந்த 'மயங்கி'யில் வகுப்பை நிறுத்துங்கள். ஒரு பாடவேளை முழுக்க அங்கேயே போனாலும் பரவாயில்லை.