முந்நூறு வெள்ளி எண்ணெயும் ஒரு வெள்ளி கிளினிக்கும்

நேயர்களுக்கு வணக்கம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன். தோட்டம் கைமாறி, ரப்பர் பால் மரத்தையெல்லாம் சாய்த்துச் செம்பனை நட்டபோது ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள். அப்புறம் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்தேன். இப்போது வேலை இல்லை. ஆனாலும் ஊரில் நான் டிரஸ்ஸர் ஐயாதான். உடம்புக்கு ஏதாவது என்றால் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

போன மாதம் ஒரு அம்மா வந்தார். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி. மூடியிலேயே சொட்டு விடும் குழாய் இருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் எல்லாம் சயாம் எழுத்து, அதாவது தாய்லாந்து எழுத்து. சாமி மேடையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம்.

"ஐயா, இது கஞ்சா எண்ணெயாம். லோரி ஓட்டுற பையன் ஹட்யாயிலேருந்து வாங்கிட்டு வந்தான். முந்நூறு வெள்ளி (ரிங்கிட்). தம்பிக்கு ராத்திரியில எத்தனை சொட்டு விடணும்?"

தம்பி என்றது அவர் மகனைத்தான். வயது 26. பத்தொன்பதில் காதுக்குள் குரல் கேட்க ஆரம்பித்தது. செய்வினை என்றார்கள், கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், கடைசியில் டாக்டரிடம் போனபோது மனச்சிதைவு என்று தெரிந்தது. மாதம் ஒரு ஊசி போட்டு நன்றாகத்தான் இருந்தார். ஏழு மாதமாக ஊசி இல்லை. மறுபடி ராத்திரியில் எழுந்து சுவரோடு பேசுகிறார்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேனுக்கு நாற்பது வெள்ளியாம், அவருக்கு ஒரு நாள் சம்பளமும் போய்விடுமாம். ஊசி போட்டால் பிள்ளைக்கு நாக்கு தடித்துப்போகிறது, எச்சில் வடிகிறது, பகலெல்லாம் தூங்குகிறான் என்றார். இதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை. வாசலில் அத்தனை பேர் காத்திருக்கும்போது டாக்டரிடம் என்னத்தைச் சொல்வது என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. ஊசியின் அளவைக் குறைக்கலாம், பக்கவிளைவுக்கு மாத்திரை தரலாம், மருந்தையே மாற்றலாம். நோய் ஓரளவு அடங்கிய பிறகு டாக்டர் கடிதம் கொடுத்தால் அந்த ஊசியை நம் ஊர் அரசாங்கக் கிளினிக்கிலேயே ஒரு வெள்ளி கட்டிப் போட்டுக்கொள்ளலாம். இது எதுவுமே அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது அந்த எண்ணெயைப் பற்றிச் சொல்கிறேன். கஞ்சாச் செடியில் மருந்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதிலிருந்து கேனபிடியோல் என்ற பொருளைச் சுத்தமாகப் பிரித்துத் தயாரித்த மருந்தை, குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்காக 2018ல் அமெரிக்கா அங்கீகரித்தது. 2020 டிசம்பரில் ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையம் வாக்கெடுப்பு நடத்தி, மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது. ஆனால் அதே செடியில் டிஎச்சி என்று இன்னொரு பொருள் இருக்கிறது. போதை தருவது அதுதான். குரல் கேட்கிற நோய் உள்ளவருக்கு அது எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது மாதிரி. அந்தப் புட்டியில் எது எவ்வளவு இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அந்த லோரிக்காரப் பையனுக்கும் தெரியாது. மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு ஆகியவற்றுக்குக் கஞ்சா மருந்துகள் உதவுகின்றனவா என்று 83 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2019ல் ஒரு கட்டுரை வந்தது. நம்பிக் கொடுக்கிற அளவுக்குச் சான்று இல்லை என்பதுதான் அதில் கண்ட முடிவு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சயாமில் கடையில் கிடைக்கிறதே என்பார்கள். அங்கேயே 2025ல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டம் அப்படியே இருக்கிறது. 200 கிராம் கஞ்சா கையில் இருந்தால் கடத்தல் என்றே எடுத்துக்கொள்வார்கள். 2023ல் கட்டாய மரண தண்டனையை நீக்கினார்கள், சரி. இன்றும் தூக்கு, இல்லையென்றால் ஆயுள் சிறை, கூடவே பிரம்படி. 2018ல் கஞ்சா எண்ணெய் வைத்திருந்த ஓர் இளைஞருக்கு ஷா ஆலம் உயர் நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. அதை மறுஆய்வு செய்யவேண்டும் என்று அப்போதைய பிரதமர் மகாதீரே சொன்னார். நோயாளிக்கென்று வைத்திருந்தவரைத் தூக்குமேடை வரை கொண்டுபோவது நியாயமே இல்லை என்பதுதான் என் எண்ணமும். 2021ல் சுகாதார அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின், முறைப்படி பதிவு செய்து உரிமத்தோடு கொண்டுவந்தால் கஞ்சா கலந்த மருந்தை இங்கே பயன்படுத்தலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்த வழி நன்றாகத் திறக்கட்டும். வலிப்பு வந்து துடிக்கிற பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அது வேண்டும்.

ஆனால் அந்த அம்மாவின் பிள்ளைக்கு வேண்டிய மருந்து ஏற்கனவே இந்த நாட்டில் இருக்கிறது. அது அவர் வீடு வரை போய்ச் சேரவில்லை. அங்கேதான் எனக்குக் கோபம். 2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, கிட்டத்தட்ட பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருந்தது. 2019ல் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. நம் ஊரில் யாராவது அதை வாய்விட்டுச் சொல்கிறார்களா? 1911ல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளைப் பயமுறுத்தி வளர்த்தோம். "சேட்டை பண்ணினா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிருவேன்." நானும் சொல்லியிருக்கிறேன். அப்படி வளர்ந்த பிள்ளை, தனக்கே ஒன்று வரும்போது எப்படி வாய் திறக்கும்?

தோட்டம் தோட்டமாக மாதம் ஒரு முறை ஒரு தாதி வேனில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனால் போதும். கர்ப்பிணிகளை வீடு தேடி வந்து பார்க்கிறார்களே, அந்த மாதிரி. அதைத்தான் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கவேண்டும். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கேட்கிற நாம் இதையும் கேட்கலாம்.

கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் இரண்டு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். நீண்டநாள் மனநோய் உள்ளவர்கள் சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு மனு செய்யலாம். மனநலமும் அதில் ஒரு பிரிவு. அட்டை இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. மனசு தாங்காத நேரத்தில் 15555 என்ற எண்ணுக்கு அழையுங்கள். உயிரை விட முயன்றவரைக் குற்றவாளியாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023லேயே நீக்கிவிட்டார்கள். போலீஸ் வந்துவிடும் என்று பயந்து மறைக்கவேண்டாம்.

அந்தப் புட்டியிலிருந்து ஒரு சொட்டுகூடக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அம்மாவையும் தம்பியையும் ஈப்போவுக்கு நானே கூட்டிப்போனேன். எச்சில் வடிவதையும் தூக்கத்தையும் இந்தத் தடவை அம்மா வாயாலேயே டாக்டரிடம் சொன்னார். ஊசியின் அளவைக் குறைத்து, நம் ஊர்க் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வெளியே வந்து தம்பி ஒரு தே தாரே குடித்தார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஊசி வரும் வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு. மோட்டாரில் ஏற்றிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.