டெஸ்டர் ரெண்டு ஓட்டையிலயும் எரியுதுண்ணே

(கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒயரிங் வேலை செய்றவங்க மாசாந்திர கூட்டத்துல பேசினது. பேசினபடியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மூத்த அண்ணன்மாருக்கும், பாண்டிச்சேரியிலேர்ந்து பஸ் மாறி வந்திருக்கிற நண்பர்களுக்கும், ஐடிஐ முடிச்சு புதுசா வேலைக்கு வந்திருக்கிற தம்பிங்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ரெண்டு மூணு மாசமா இந்தக் கூட்டத்துல ஒரு மனஸ்தாபம் ஓடிக்கிட்டு இருக்கு, எல்லாருக்கும் தெரியும், யாரும் மேடையில சொல்லல. மூத்தவங்க என்ன சொல்றாங்கன்னா, நாங்க ஞாயித்துக்கிழமை வேலைய விட்டுட்டு வர்றது சோலாரப் பத்தி, இன்வெர்ட்டர் பிரச்சனையப் பத்தி பேச, இங்க வந்தா எந்த எம்சிபி (லோடு அதிகமானா தானா விழற சுவிட்ச்) போடணும், எர்த் (கசியற கரண்ட மண்ணுக்குள்ள எறக்கற ஒயர்) எதுக்கு வேணும்னு ஐடிஐ கிளாஸ் மாதிரி போவுதுன்னு சொல்றாங்க. தம்பிங்க கிட்ட கேட்டா, அண்ணனுங்க பேசறது தலைக்கு மேல போவுது, வாயத் தொறந்து கேட்டா சிரிக்கிறாங்க, அதனால பின் வரிசையில உக்காந்து டீ குடிச்சிட்டு போயிடறோம்ங்கறாங்க. போன மாசம் மூத்தவங்க நாலஞ்சு பேரு வரவே இல்ல, திருப்பாப்புலியூர்ல ஒரு டீக்கடையில தனியா உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். நான் அவங்களக் குத்தம் சொல்ல வரல. ரெண்டு பக்கமும் சொல்றது நியாயம், அதான் இதுல இருக்கிற கஷ்டமே.

என்னோட அனுபவம் ஒண்ணு சொல்றேன், இது ரொம்ப நாளா மனசுல கெடக்கு.

11 வருஷம் இருக்கும். என்கிட்ட ஒரு பையன் ஹெல்பரா இருந்தான், வந்து ஆறு மாசம் கூட ஆகல. ஒரு வீட்டுல கரண்ட் இல்லன்னு போயிருந்தோம், பிளக் பாயிண்ட்ல டெஸ்டர் வச்சிட்டு ஓடி வந்தான். "அண்ணே, டெஸ்டர் ரெண்டு ஓட்டையிலயும் எரியுதுண்ணே, ஆனா பேன் ஓடல." லைன் ஓட்டையில, அதாவது கரண்ட் உள்ள வர்ற ஓட்டையில மட்டும்தான் டெஸ்டர் எரியணும். நான் ஏணி மேல இருந்தேன், கையில வேல. "நியூட்ரல் கட்டுடா, ரிட்டர்ன் வருது" அப்படின்னேன். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற ஒயர், எங்கயோ விட்டுப் போச்சுன்னு அர்த்தம். அவ்ளோதான், நாலு வார்த்த. இறங்கிப் போய் கட்அவுட்ல, அதான் மீட்டர் பக்கத்து ப்யூஸ் கட்டையில, லூசா இருந்த நியூட்ரல முறுக்கினேன், பேன் ஓடுச்சு, காசு வாங்கிட்டு கெளம்பிட்டோம். வழியில அவன் "ஏண்ணே ரெண்டுலயும் எரிஞ்சுது" ன்னு திரும்பக் கேட்டான், நான் வண்டி ஓட்டிக்கிட்டே "இதுகூட தெரியாமயாடா ரெண்டு வருஷம் படிச்ச" ன்னு கேட்டுட்டேன். அதுக்கப்புறம் அவன் என்கிட்ட எதையும் கேட்டதே இல்ல. வேல மட்டும் செஞ்சான், நல்லாத்தான் செஞ்சான்.

ரெண்டு வருஷம் கழிச்சு தனியா வேல எடுக்க ஆரம்பிச்சான். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு, பழைய ஒயரிங், எர்த்தே கெடையாது. வாஷிங் மெஷினுக்கு மூணு பின் சாக்கெட் போட்டுக் கொடுக்கச் சொன்னாங்க. இவன் என்ன செஞ்சான்னா, சாக்கெட்டுக்குப் பின்னாடி எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால சேத்து லூப் அடிச்சு விட்டுட்டான். மெஷின் ஓடுச்சு. சில மாசம் கழிச்சு மீட்டர் பக்கத்துல நியூட்ரல் ஸ்க்ரூ தீஞ்சு கழண்டுச்சு. வீட்டுல ஒரு லைட் ஆன்ல இருந்தது, அது வழியா போன லைன் திரும்பிப் போக வழியில்லாம நியூட்ரல் ஒயர் முழுக்க வந்து நின்னுச்சு, லூப் வழியா மெஷின் பாடிக்கு வந்துடுச்சு. அந்த வீட்டம்மா ஈரக் கையோட தொட்டாங்க. தூக்கி அடிச்சிருக்கு. கால்ல ரப்பர் செருப்பு இருந்தது, பொழச்சாங்க.

அவன நான் போய்ப் பாத்தேன். அழுதுக்கிட்டே சொன்னான், "நியூட்ரல்ல கரண்ட் இருக்காதுன்னு நெனச்சேண்ணே." யோசிச்சுப் பாருங்க, அன்னிக்கு டெஸ்டர் ரெண்டு ஓட்டையிலயும் எரிஞ்சது இதே விஷயம்தான். நியூட்ரல் அந்து போனா அதுலயும் 230 வோல்ட் வந்து நிக்கும்னு அவன் கண்ணால பாத்துட்டு வந்து என்கிட்ட கேட்டிருக்கான். நான் பதிலும் சொல்லியிருக்கேன், சரியான பதில்தான், ஆனா விஷயம் தெரிஞ்சவனுக்குத்தான் அது பதில், அவனுக்கு இல்ல.

நான் திமிர்ல சொல்லல, இது முக்கியம். வேல பழகப் பழக நமக்கு நடுவுல இருக்கிற படி எல்லாம் மறைஞ்சு போயிடுது. ரெண்டு ஓட்டையிலயும் எரியுதுன்னு கேட்ட உடனே நமக்கு நியூட்ரல் கட்டுன்னுதான் வருது, எப்படி வந்துச்சுன்னு நம்மளக் கேட்டா நமக்கே தெரியாது. புதுசா வர்றவனுக்கு நடுவுல அஞ்சு படி இருக்கு. நாம அஞ்சையும் தாண்டிட்டு மேல நின்னு கைய நீட்டறோம், அவனுக்கு எட்டல.

இத ஆராய்ச்சியே பண்ணிப் பாத்திருக்காங்க, அதுவும் நம்ம தொழில்ல. ஆஸ்திரேலியாவுல, சிட்னியில இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க, கல்யுகா, சாண்ட்லர், ஸ்வெல்லர்னு மூணு பேரு, 1998ல வெளியிட்டாங்க. எலக்ட்ரிகல் வேல பழகற அப்ரண்டிஸ் பசங்களுக்கு ஒயரிங் டயகிராம் கொடுத்துப் பாத்தாங்க. புதுசா இருக்கிறப்ப டயகிராமுக்குள்ளயே, அந்தந்த ஒயர் பக்கத்துலயே விளக்கம் எழுதி வச்சிருந்தா நல்லாப் புரிஞ்சுது. அதே பசங்க பயிற்சி எடுத்து தேறின பிறகு அதே விளக்கம் அவங்களுக்கு எடைஞ்சலா ஆயிடுச்சு, எழுத்தே இல்லாத வெறும் டயகிராம் கொடுத்தா இன்னும் நல்லா செஞ்சாங்க. கவனிங்க, வேற வேற ஆளு இல்ல, அதே பசங்க. புதுசுக்கு ஊன்றுகோலா இருக்கிறது பழகினவனுக்கு கால்ல தட்டுது. அப்ப மூத்தவங்க "போர் அடிக்குதுப்பா" ன்னு சொல்றது கர்வம் கெடையாது, தம்பிங்க "புரியலண்ணே" ன்னு சொல்றதும் மக்குத்தனம் கெடையாது. ஒரே பேச்ச ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பேசினா யாராவது ஒருத்தருக்கு அது வேஸ்ட்டுதான்.

எர்த் குழிய எடுத்துக்கோங்க. தம்பிக்கு நாம சொல்லித் தர்றது, குழி வெட்டு, பைப் எறக்கு, உப்பும் கரியும் போடு, தண்ணி ஊத்துன்னு. அது சரி. ஆனா கடலோரம் தேவனாம்பட்டினம் பக்கம் வேல செஞ்ச அண்ணனுங்களுக்குத் தெரியும், அங்க மண்ணே உப்பு, எர்த் ரீடிங் பிரமாதமா காட்டும், ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) மட்டும் சீக்கிரம் அரிச்சுப் போயிடும், ரெண்டு மூணு வருஷத்துல திரும்பப் பாக்கலன்னா எர்த் இருக்குன்னு நம்பிக்கிட்டு இருப்போம், உள்ள ஒண்ணும் இருக்காது. இத மொத நாளே தம்பிகிட்ட சொன்னா "அப்ப உப்பு போடணுமா வேணாமா" ன்னு கொழம்பிடுவான். மொதல்ல விதி கையில நிக்கணும், அப்புறம்தான் விலக்கு. மூத்தவங்களுக்கு விலக்குதான் சாப்பாடு, விதியத் திரும்பத் திரும்பக் கேட்டா பசி அடங்காது.

இப்ப மூத்தவங்க பக்கத்த சொல்றேன், ஏன்னா தம்பிங்களப் பாத்துக்கணும்னு எல்லாரும் பேசறாங்க, இவங்களப் பத்தி யாரும் பேசறதில்ல. ரெண்டு மாசம் முன்னாடி வில்லியனூர்லேர்ந்து ஒரு அண்ணன் ரெண்டு பஸ் மாறி வந்தாரு. ஒரு வீட்டுல கரண்ட் இருக்கிறப்ப ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைன வெட்டி விடற சுவிட்ச்) விழுந்துக்கிட்டே இருக்கு, கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடறப்ப விழல, நாலு நாளா தலைய பிச்சுக்கிட்டு இருக்கேன்னு கேக்கத்தான் வந்தாரு. அன்னிக்கு கூட்டம் முழுக்க ஏசிக்கு எத்தன ஆம்ஸ் எம்சிபி போடணும்கறதுலயே போயிடுச்சு. மணி ஆயிடுச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு பத்து நிமிஷம், இன்வெர்ட்டர் லைனோட நியூட்ரல் ஆர்சிசிபிக்கு முன்னாடியே சேந்திருக்கான்னு பாருங்கன்னு சொல்ல ஒரு ஆளு, அந்த ஆளு இதே ஹாலுல உக்காந்திருந்தாரு.

சோலார் வந்த பிறகு இது இன்னும் அதிகம். 2024 பிப்ரவரியில பிஎம் சூர்ய கர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம்னு ஆன பிறகு, தெருவுக்குத் தெரு கேக்கறாங்க. அங்க 30 வருஷம் வேல பாத்தவங்களும் புதுசுதான். எட்டு பேனல சீரிஸ்ல, ஒண்ணு பின்னாடி ஒண்ணா போட்டா 300 வோல்ட்டத் தாண்டற டிசி, அதாவது ஒரே திசையில ஓடற கரண்ட். வீட்டுக்கு வர்ற ஏசி கரண்ட், திசை மாறி மாறி ஓடறது, ஒரு செகண்டுல 100 தடவ பூஜ்யத்தத் தொட்டுட்டு வருது, அதனால சுவிட்ச் பிரியறப்ப வர்ற பொறி தானா அணைஞ்சுடுது, டிசியில பூஜ்யமே கெடையாது, பொறி இழுத்துக்கிட்டே எரியும், சாதா ஏசி எம்சிபிய அங்க போட்டா தீப்பிடிக்கலாம். இத எங்க போய் பேசுவாங்க? மூத்தவங்களுக்கும் கத்துக்க ஒரு எடம் வேணும். அவங்க கத்துக்கறது நின்னு போச்சுன்னா, பாடம் சொல்றவங்களா மட்டும் ஆயிட்டாங்கன்னா, அவங்க வர மாட்டாங்க. அவங்க வரலன்னா தம்பிங்க யாருகிட்ட கேப்பாங்க?

அதுக்காக ரெண்டு கூட்டமா பிரிச்சுடலாம்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பிரிச்சா தம்பிங்க தம்பிங்களுக்குள்ளயே தப்பா சொல்லிக் கொடுத்துப்பாங்க. ஒரே கூட்டமா இருக்கட்டும், நேரத்தப் பிரிச்சுக்குவோம். டீக்கு முன்னாடி தம்பிங்க கேள்வி, டீக்குப் பிறகு மூத்தவங்க சமாச்சாரம். மூத்தவங்க டீக்கு வந்தா போதும். தம்பிங்க டீக்குப் பிறகும் உக்காரலாம், உக்காரணும், புரியலன்னாலும் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும், ஆனா அந்த நேரத்துல நிறுத்திக் கேக்க வேணாம், எழுதி வச்சுக்கோங்க, அடுத்த மாசம் மொத கேள்வி அதுவா இருக்கட்டும்.

இதுல இன்னொண்ணு, இதுதான் நான் ரொம்ப அழுத்திச் சொல்றது. புது ஆளோட கேள்விக்கு மொதல்ல பதில் சொல்ல வேண்டியது 30 வருஷக்காரர் இல்ல, ரெண்டு மூணு வருஷம் ஆனவன். இத நான் வில்லியனூர் சைட்ல பாத்தேன். மூணு வருஷம் ஆன ஒரு பையன் ஒரு ஹெல்பருக்குச் சொல்லிக் கொடுக்கறான், அதே கேள்வி, ரெண்டு ஓட்டையிலயும் எரியுது. இவன் சொல்றான்: "எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணு, பிளக் எல்லாம் புடுங்கு. இப்ப டெஸ்டர் வை. ஒண்ணுலதான எரியுது? இப்ப ஒரு லைட் மட்டும் போடு. வை. ரெண்டுலயும் எரியுதா? அப்ப ரெண்டாவது ஓட்டைக்கு லைன் எங்கேர்ந்து வந்துச்சு? லைட்டுக்குள்ள பூந்து வந்திருக்கு. திரும்பிப் போற வழி அடைச்சிருக்கு, அதான் அங்கயே நிக்குது." எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. நான் நாலு வார்த்தையில சொன்னத இவன் கையப் புடிச்சு கூட்டிக்கிட்டுப் போய் காட்டறான். அவனுக்கு எப்படி வருதுன்னா, ரெண்டு வருஷம் முன்னாடி அவன் அதே எடத்துல முழிச்சிருக்கான், எந்தப் படியில கால் வழுக்கும்னு அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. டீக்கு முன்னாடியே வந்துட்ட மூத்தவங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க, தப்பா சொன்னா திருத்துங்க. அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுங்க.

தம்பிங்களுக்கும் ஒரு கடமை இருக்கு. "கரண்ட் வரல, என்ன பண்றது" ன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. என்ன பாத்த, எத ஆஃப் பண்ண, டெஸ்ட் லேம்ப் வச்சுப் பாத்தியா, எந்த எடம் வரைக்கும் லைன் இருந்துச்சு, இத்தனையும் சொல்லிட்டுக் கேளு. அப்படிக் கேட்டா பெரியவங்களே வேலைய விட்டுட்டு உன் பக்கம் திரும்புவாங்க, நான் கேரண்டி. வாசல்ல ஒரு நோட்டு வச்சிருக்கோம், ஒரு தடவ பேசி முடிச்ச கேள்வியெல்லாம் பேச்சுத் தமிழ்ல எழுதியிருக்கு, அதையும் ஒரு புரட்டு புரட்டிட்டு வா.

ஆனா உயிர் சம்பந்தப்பட்ட கேள்விக்கு நேரம் காலம் கெடையாது. டீக்கு முன்னாடி பின்னாடி எதுவும் இல்ல, யார் பேசிக்கிட்டு இருந்தாலும் நிறுத்திட்டுக் கேக்கலாம். தானே புயல் ஞாபகம் இருக்குல்ல, 2011 டிசம்பர் 30 காலையில நம்ம கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையக் கடந்துச்சு. போஸ்ட் எல்லாம் சாஞ்சு, பல கிராமத்துல நாள் கணக்குல கரண்ட் இல்ல, வேற மாவட்டத்துலேர்ந்தெல்லாம் லைன்மேன் வந்து வேல பாத்தாங்க. அப்ப ஒரு வீட்டுல நான் பாத்தேன், வாடகை ஜெனரேட்டர, ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒயரால சுவத்து சாக்கெட்ல சொருகியிருக்காங்க. மெயின் ஆஃப் பண்ணல. சேஞ்ச்ஓவர் (வெளி லைன், ஜெனரேட்டர் ரெண்டுல ஒண்ண மட்டும் வீட்டுக்கு விடற சுவிட்ச்) கெடையாது. அது வீட்டோட நிக்காது, தெருவுக்குப் போவும், டிரான்ஸ்பார்மருக்குப் போவும், 11,000 வோல்ட்ட 433 ஆ எறக்கறதுதான் அது வேல, இந்தப் பக்கத்துலேர்ந்து 230 கொடுத்தா அந்தப் பக்கம் ஆயிரக்கணக்குல ஏத்திவிடும். லைன் செத்துக் கெடக்குன்னு நம்பி மேல ஏறினவன் கதி என்ன? நான் ஓடிப் போய் புடுங்கினேன். சொருகிக் கொடுத்தவன் எலக்ட்ரீசியன் வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆன பையன். யாரும் சொல்லிக் கொடுக்கலன்னான். சொல்லிக் கொடுக்கணும்னு எங்க யாருக்கும் தோணல, ஏன்னா எங்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாவே படல.

பேசினது போதும். மேஜை மேல ஒரு போர்டு வச்சிருக்கேன், ரெண்டு லைட்டு, ஒரு பேன், ஒரு சாக்கெட். எங்கயோ ஒரு எடத்துல நியூட்ரல கழட்டி வச்சிருக்கேன், எங்கன்னு சொல்ல மாட்டேன். புதுசா வந்த தம்பிங்க மொதல்ல வாங்க, மூணு வருஷம் ஆனவங்க அவங்க பக்கத்துல நில்லுங்க, அண்ணனுங்க பத்து நிமிஷம் வாயத் தொறக்கக் கூடாது. அதுக்குள்ள டீ வந்துடும், அப்புறம் வில்லியனூர் அண்ணனோட ஆர்சிசிபி. மெயின ஆஃப் பண்ணித்தான் வச்சிருக்கேன் தம்பி, ஆனா நான் சொன்னேன்னு நம்பித் தொடாத, டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத் தொடு.