பொருந்தாத கல்லாவும் போர்டில் எழுதிய பாடமும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், வெயில் தாழட்டும் என்று காத்திருந்து வந்திருக்கும் வேலூர் மக்களுக்கும் வணக்கம். நல்ல மென்பொருள் எழுத்தாளரை உருவாக்குவது செய்முறைப் பயிற்சியா, வகுப்பறை விரிவுரையா என்பது தலைப்பு. நான் விரிவுரையின் பக்கம். இந்தப் பக்கம் பேச ஆள் கிடைக்காமல்தான் என்னைப் பிடித்தார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பரவாயில்லை.

எதிரணித் தங்கை, "கரையில் நின்று பாடம் கேட்டால் நீச்சல் வருமா? ஆற்றில் குதிக்க வேண்டாமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். ஏம்மா, பாலாறு ஓடுகிற ஊரில் கேட்கிற கேள்வியா இது? இங்கே பெரும்பாலான நாள் குதித்தால் மணல்தான். குதிக்கும் முன்னால் தண்ணீர் இருக்கிறதா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

அப்புறம் நம்மூர் மருத்துவக் கல்லூரி சி.எம்.சி.யை இழுத்தார். டாக்டர்கள் நோயாளியின் படுக்கை அருகே நின்றுதானே கற்கிறார்கள் என்றார். சரி. ஆனால் முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று வகுப்பில் உட்கார வைக்கிறார்களே, எதற்கு? கல்லீரல் எந்தப் பக்கம் என்று நோயாளியிடமே கேட்கக் கூடாது என்பதற்குத்தான்.

என் கதையைச் சொல்கிறேன். படித்து முடித்த புதிதில் காட்பாடியில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். ஒரு மளிகை மொத்தக் கடைக்குப் பில் போடும் புரோகிராம் எழுதினேன். ராத்திரி கடை மூடும்போது பில்களின் மொத்தமும் கல்லாப் பணமும் சமமா என்று அது பார்க்கும். திரையில் இரண்டும் ஒரே தொகை. காகிதத்தில் கூட்டினாலும் அதேதான். ஆனால் புரோகிராம் மட்டும் "கணக்குப் பொருந்தவில்லை" என்று அடம் பிடித்தது. கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்த பையனைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். மூன்று நாள் வரி வரியாகத் தேடினேன். கைப்பழக்கம் இருந்தது, செய்முறையெல்லாம் பார்த்தவன்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி, கல்லூரியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைத்தூக்கத்தில் கேட்ட ஒரு வகுப்பு ஞாபகம் வந்தது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா? அதுபோல 0.1 என்ற எண், கணினி பயன்படுத்தும் 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட இரும எண்முறையில் முடிவே இல்லாமல் ஓடும். கணினி அதை ஓர் இடத்தில் வெட்டித்தான் வைக்கும். அதனால்தான் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பல மொழிகள் 0.30000000000000004 என்கின்றன. கணினி தசம எண்களை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லும், 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரவிதிப்படி அது பிழையே இல்லை. பிழை என்னுடையது. தொகையை ரூபாயும் தசமமுமாக வைக்காமல் முழுப் பைசாவாக வைத்தேன். கல்லா பொருந்தியது, பையனும் தப்பித்தான்.

இன்னொன்று. பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு பெயரையும் எல்லாப் பெயரோடும் ஒப்பிடும் நிரலை எழுதுங்கள். லேபில் 100 பெயர், 10,000 ஒப்பீடு, கண் இமைப்பதற்குள் முடியும். சபாஷ் என்பார்கள். அதையே ஒரு லட்சம் பெயருக்கு ஓட்டினால் 1,000 கோடி ஒப்பீடு. வரிசைப்படுத்திவிட்டு, நடுப்பெயரைப் பார்த்துப் பாதிப் பாதியாக ஒதுக்கிக்கொண்டே தேடினால் ஒரு பெயருக்கு 17 ஒப்பீட்டில் வேலை முடிகிறது. லேபில் சின்னப் பட்டியலோடு பழகியவனுக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. போர்டில் சாக்பீஸோடு நின்ற ஒருவர் சொன்னால்தான் உண்டு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பலர் சேர்ந்து எழுதும் நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கிட் (Git) மாதிரி கருவிகளை விரிவுரையில் கற்று உருப்பட்டவரை நான் பார்த்ததில்லை. இரண்டு பேர் ஒரே கோப்பைத் திருத்தி மோதிக்கொண்டால்தான் அது புரியும். ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசிக்கிறவர்களுக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அதற்குப் பெயர் விரிவுரை இல்லை, தாலாட்டு.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, அடுத்து வரும் எதிரணி அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். என் கடைக்காரரின் கல்லாவை எத்தனை நாள் செய்முறைப் பயிற்சியில் அவர் சரி பண்ணியிருப்பார்? அதுவரை அந்தப் பையனுக்கு யார் சம்பளம் கொடுத்திருப்பார்கள்?